ஒரே நாளில் உடம்பு மாறினால்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாலாம் நாள் ராத்திரி, பாத்ரூம் போக எழுந்து இடது காலை ஊன்றினேன். ஊன்றுவதற்கு அங்கே கால் இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்து அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கட்டில் சட்டத்தில் தாடை இடித்துத் தரையில் கிடந்தபோது வலியைவிட வெட்கம்தான் முதலில் வந்தது. கால் போனதுகூடவா ஒருத்திக்கு மறந்துபோகும்?

போகும். பிசியோதெரபிஸ்ட் சிரிக்காமல் சொன்னார்: தூக்கக் கலக்கத்தில் மூளைக்குப் பழைய கணக்குதான் தெரியும், நிறைய பேர் இப்படி விழுகிறார்கள் என்று. அதனால் முதல் பாடம்: வாக்கர் கட்டிலோடு ஒட்டி இருக்கட்டும், விடிவிளக்கு எரியட்டும், எழுந்து உட்கார்ந்ததும் கட்டையை, அதாவது எடுத்ததுபோக மிச்சமிருக்கும் காலை, கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு நில்லுங்கள்.

ரிங் ரோடு, ஒரு லாரி, ஒரு நிமிடம். விபத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு நானும் வீட்டாரும் செய்த தவறுகளைத்தான் எழுதுகிறேன். தீக்காயம், பக்கவாதம், கீமோவில் கொட்டிய முடி என்று வேறு காரணத்தால் கண்ணாடியில் யாரோ ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

பெரிய தவறு, 'இனி நான் யார்' என்று அவசரமாக முடிவு கட்டுவது. மதுரையில் கூன் பாண்டியன் கதை தெரியாதவர் குறைவு. திருஞானசம்பந்தர் பாட, கூன் நிமிர்ந்து 'நின்றசீர் நெடுமாறன்' ஆனான். உடம்பும் பேரும் ஒரே நாளில் மாறிவிட்டன. மறுநாள் ராத்திரி அந்த நேரான முதுகை வைத்துக்கொண்டு எப்படிப் படுப்பது என்று அவன் புரண்டிருப்பானா, புராணத்தில் இல்லை. ஊர் இன்றைக்கும் அவனைக் கூன் பாண்டியன் என்றுதான் சொல்கிறது.

நானும் ஒரே வாரத்தில் பேர் மாறப் பார்த்தேன். திங்கட்கிழமை 'நான் அதே ஆள்தான், ஒன்றும் மாறவில்லை' என்று எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வியாழக்கிழமை பள்ளிக்கூட வேலைக்கு ராஜினாமா கடிதம் எழுதினேன். நிற்க முடியாத கணக்கு டீச்சரை யார் வைத்துக்கொள்வார்கள்? அப்பா அதைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்கூட்டி மட்டும் தப்பவில்லை, பாதி விலைக்குப் போய்விட்டது. கியர் இல்லாத வண்டிக்குப் பக்கத்துக்கு ஒன்றாகச் சக்கரம் சேர்த்து, அதற்கான லைசென்ஸோடு ஓட்டலாம் என்பது விற்ற பிறகு தெரிந்தது. வேலை, கல்யாணம், வீடு, வண்டி இதிலெல்லாம் முதல் சில மாதம் கை வைக்காதீர்கள். காலையில் ஒருத்தியாகவும் சாயங்காலம் வேறொருத்தியாகவும் தோன்றும் காலம் அது. அந்த இரண்டு பேரில் யார் கையெழுத்துப் போட்டாலும் தப்பாகத்தான் போகும்.

அடுத்தது, பார்க்காமல் இருப்பது. அம்மா பீரோக் கண்ணாடியில் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டார். கட்டு மாற்றும்போது நான் ஃபேனையே பார்த்துக்கொண்டிருப்பேன். மனசு மட்டும் சம்பந்தப்பட்டதென்றால் மெதுவாகப் பழகலாம் என்று விட்டுவிடலாம். ஆனால் கட்டையைத் தினமும் பார்த்தே ஆகவேண்டும்: சிவப்பு, கொப்புளம், கசிவு ஏதாவது இருக்கிறதா என்று. அடிப்பக்கம் தெரிய ஒரு கைக்கண்ணாடி வேண்டும். சர்க்கரை வியாதியால் கால் எடுத்தவர்களுக்கு இது இன்னும் அவசியம். புண் ஆறியபிறகு, டாக்டர் சொன்னபடி துணியால் தடவி, லேசாகத் தட்டிப் பழக்கினால் தொட்டாலே கூசுகிற நிலை குறைகிறது. எனக்கு அப்படித் தடவத் தடவத்தான் அது என் உடம்பாகவே ஆனது. அதுவரை யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போல இருந்தது.

இடையில் ஒரு சின்ன எச்சரிக்கை. பாசத்தில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். என் அத்தை இரண்டு வைத்தார். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முழங்கால் மடங்கியபடியே இறுகிப்போனால் செயற்கைக்கால் போட்டு நடப்பது பெரும்பாடு. காலை நீட்டியே வையுங்கள்.

இல்லாத காலில் அரிப்பதையும் எரிவதையும் மறைப்பது இன்னொரு தவறு. போன பாதத்தின் கட்டைவிரலை யாரோ முறுக்குவதுபோல எனக்கு வலிக்கும். பைத்தியம் என்பார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் அப்பத்தாவிடம் சொன்னேன், அவர் மந்திரிக்கக் கூட்டிப்போகக் கிளம்பிவிட்டார். கால் எடுத்த பெரும்பாலானோருக்கு இது உண்டு. பாதத்துக்கென்று மூளையில் இருக்கும் இடம் காலோடு சேர்ந்து போய்விடுவதில்லை. தமிழ்நாட்டில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு கண்ணாடியை வைத்து வழி காட்டினார். இருக்கும் காலைக் கண்ணாடியில் பார்த்தபடி அசைத்தால், போன கால் அசைவதுபோல மூளைக்குத் தெரியும். சிலருக்கு வலி இறங்குகிறது, எல்லோருக்கும் இல்லை. எனக்குப் பாதி கேட்டது. நரம்பு வலிக்குத் தனி மாத்திரைகளும் உண்டு, டாக்டரிடம் சொன்னால்தானே தருவார்?

பார்க்க வருகிறவர்களுக்கும் கொஞ்சம். ஆறாம் நாள் ஒரு மாமா வந்து, 1896ல் இதே மதுரையில், சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில், 16 வயதுப் பையனாக ரமணர் தரையில் பிணம்போலப் படுத்து 'உடம்பு நான் இல்லை' என்று உணர்ந்ததை விளக்கினார். நல்ல விஷயம்தான். ஆனால் தையல் எரிந்துகொண்டிருந்தவளுக்கு அந்த நேரத்தில் உடம்பைத் தவிர வேறொன்றும் இல்லை. சித்தி சொன்னது இன்னும் சுருக்கம்: "சேலை கட்டுனா வெளிய தெரியாதுத்தா." அன்றிலிருந்து ஆறு வாரம் நான் வீட்டுக்குள்ளும் சேலைதான் கட்டினேன், யாரிடமிருந்து மறைக்கிறேன் என்று தெரியாமலே. இதற்கு நேரெதிராக, ஆண்டுவிழாவில் தன்னம்பிக்கை பற்றிப் பேசக் கூப்பிட்டவர்களும் உண்டு. போகவில்லை. அன்றைக்குத் தன்னம்பிக்கை ஸ்டாக் இல்லை.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் 'அப்படியே ஆகிவிடுவோம்' என்று தள்ளிப்போட்டேன். வாங்கிவிடுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் கிடைக்கும் உரிமைகளுக்கு அந்தத் தாள் வேண்டும். அதில் போடுகிற சதவீதம் சலுகைக் கணக்குக்கு மட்டும். அப்புறம், வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

செயற்கைக்கால் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாள் எண்ணுவதும் தவறு. கட்டை மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். கட்டை உள்ளே உட்காரும் கிண்ணம்போன்ற பகுதியைச் சாக்கெட் என்பார்கள்; முதலில் செய்த சாக்கெட் லூசாகி மாற்றவேண்டி வரும். ஒரே நாளில்கூடக் காலையில் இறுக்கமாக இருப்பது சாயங்காலம் ஆடும், கட்டையில் இன்னொரு சாக்ஸ் சேர்த்துப் போடவேண்டும். கட்டையின் அளவே நிலைக்காத நாளில் நான் யார் என்று எழுதிக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்!

ஐந்தாம் மாதம் அளவெடுக்கப் போனபோது அந்த டெக்னீஷியன், "எப்பவும் போடுற செருப்பை ஜோடியா எடுத்துட்டு வாங்கம்மா" என்றார். குதிகால் உயரத்துக்குத் தகுந்தபடிதான் பாதத்தைச் சரிசெய்வார்களாம். வீட்டு வாசலில் வலது செருப்பு மட்டும்தான் கிடந்தது. இடது செருப்பை, நான் வீட்டுக்கு வந்த அன்றே யாரோ எடுத்துவிட்டார்கள். இத்தனை நாள் நானும் கேட்கவில்லை.

அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், பரணிலிருந்து ஒரு மஞ்சப்பையை இறக்கினார்.