பந்து வலப்பக்கம் போகிறதென்று இடப்பக்கம் திரும்பி நிற்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கோல்ஃப் பெரும்பாலும் விமானத்தில்தான் வந்து இறங்குகிறது. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருந்துவிட்டுத் திரும்பியவர் ஒரு பை நிறையக் கிளப்புகளை, அதாவது கோல்ஃப் மட்டைகளைக் கொண்டுவருவார். அது பரணில் கிடக்கும். கோடை லீவில் பேரன்கள் அதைத் தூக்கிக்கொண்டு வற்றிய கண்மாய்க்குப் போவார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. கையில் ஏற்கெனவே ஏறியிருப்பது டென்னிஸ் பால் கிரிக்கெட். தவறுகள் பலவும் அங்கிருந்து வருபவை. மற்றவை, பந்து போன திசையைப் பார்த்துவிட்டு அவசரமாகச் செய்கிற திருத்தங்களால் வருபவை. இரண்டாவது வகைதான் ஆளைக் கெடுக்கும். (இங்கே சொல்வதெல்லாம் வலக்கைக்காரர்களுக்கு, இடக்கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.)

ஸ்லைஸை எடுத்துக்கொள்வோம். நேராகப் போவதுபோல் கிளம்பி, பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து கருவேலங்காட்டுக்குள் விழும் அடி. புதிதாக ஆடுபவர் உடனே என்ன செய்வார்? அடுத்த பந்துக்கு உடம்பை இடப்பக்கம் திருப்பி நிற்பார். அது இன்னும் அதிகமாக வளையும். இன்னும் திரும்புவார். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் கிளப்பின் முகம், அதாவது பந்தில் படும் தட்டைப் பரப்பு, முடிவு செய்கிறது. எந்தப் பக்கம் வளைகிறது என்பதை முடிவு செய்வது, அந்த முகம் பார்க்கும் திசைக்கும் கிளப் வீசப்படும் பாதைக்கும் இடையிலுள்ள வித்தியாசம். இடப்பக்கம் திரும்பி நின்றால் பாதையும் இடப்பக்கம் சாயும். முகமோ பழையபடி இலக்கைப் பார்த்தே இருக்கும். இடைவெளி கூடுகிறது, வளைவும் கூடுகிறது. மருந்தே நோயை வளர்க்கிறது. முகத்தைச் சரிசெய்யாமல் நிற்கும் திசையை மட்டும் மாற்றிப் பயனில்லை.

முகத்தைப் பிடித்திருப்பது உங்கள் கைதான். கிரிக்கெட் மட்டையைப் பிடிப்பதுபோல் உள்ளங்கையில் வைத்து இறுக்கினால் மணிக்கட்டு மடங்காது. பந்தைத் தொடும் நேரத்தில் முகம் வலப்பக்கம் பார்த்துத் திறந்தபடியே நிற்கும். கிளப், இடக்கை விரல்களின் குறுக்கே சாய்ந்து உட்கார வேண்டும். கீழே பார்த்தால் இடக்கையில் இரண்டு, அதிகம் போனால் மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்றுகூடத் தெரியாவிட்டால் ஸ்லைஸுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வலக்கைச் சுண்டுவிரலை இடக்கை ஆள்காட்டி விரல்மேல் படியவிடும் பிடி, பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டியை ஆறு முறை வென்ற ஹாரி வார்டனால் பரவியது. பின்னால் வந்த சாம்பியன்கள் ஜாக் நிக்லாஸும் டைகர் உட்ஸும் அந்த இரு விரல்களையும் கோத்துப் பிடித்தவர்கள். எது வசதியோ அது. ஆனால் தேன்குழல் அச்சைப் பிழிவதுபோல் பிடிக்காதீர்கள்.

இறுக்கிப் பிடிப்பதற்குச் சில சமயம் உங்களைக் குறை சொல்ல முடியாது. பரணில் பல வருஷம் வெயில் சூட்டில் கிடந்த கிளப்பின் ரப்பர் பிடி கெட்டியாகிப் பளபளத்துவிடும். வேர்த்த கையில் அது வழுக்கும். பயத்தில் விரல் இறுகும். தூரமாக அடிப்பதற்கான நீளக் கிளப்பான டிரைவரைப் புதிதாக வாங்க யோசிப்பவர்கள் முதலில் அந்த ரப்பரை மாற்றுங்கள். பையில் 14 கிளப் வரை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. பழகுவதற்கு ஒரு 7-ஆம் நம்பர் அயர்ன் (இரும்புத் தலை கொண்ட கிளப்) போதும்.

அடுத்தது நிற்பது. கிரிக்கெட்டில் பந்து நம்மை நோக்கி வருகிறது, கால் அதைத் தேடிப் போகிறது. இங்கே பந்து அசையாமல் கிடக்கிறது. கால், இடுப்பு, தோள் எல்லாம் அடிப்பதற்கு முன்பே முடிவாகிவிட வேண்டும். இதைப் பழக செட்டிநாட்டு வீட்டைவிட நல்ல இடம் கிடையாது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கற்களின் இணைப்புக்கோடு ஒன்றில் கால்விரல்களை வைத்து, அதற்கு இணையான இன்னொரு கோட்டில் பந்தை வையுங்கள். பந்துக்கோடுதான் இலக்கை நோக்கிப் போகிறது. உங்கள் உடம்பு அதற்கு இணையாக நிற்கிறது, இலக்கை நோக்கி அல்ல. முதுகைக் கூனாமல் இடுப்பில் மடங்கி, கைகளைத் தோளிலிருந்து தொங்கவிடுங்கள். நின்று பழகுவதோடு சரி. அந்த வழவழத் தரையில் வீசினால் கால் சறுக்கும். 45.93 கிராம் வரை எடையுள்ள கெட்டிப் பந்து பட்டாலையில் பறந்தால் பர்மா தேக்குத் தூண் தாங்கும், பெல்ஜியம் கண்ணாடி தாங்காது. ஆச்சி சொல்லப்போவதை இங்கே எழுத முடியாது.

பந்தைக் கரண்டியால் அள்ளுவது அடுத்த பெரிய தவறு. பந்து மேலே எழும்ப வேண்டுமென்று மணிக்கட்டை உடைத்துத் தூக்குகிறார்கள். கிளப் முதலில் மண்ணில் மோதுகிறது, அல்லது பந்தின் தலையில் பட்டு அது தரையோடு ஓடுகிறது. 7-ஆம் நம்பர் அயர்னின் முகமே ஏறத்தாழ 30 பாகை சாய்ந்திருக்கும். தூக்கும் வேலை அதனுடையது. நீங்கள் சற்றே கீழ்நோக்கி அடித்தால் போதும். கண்மாய் மண்ணில் கோலமாவால் ஒரு கோடு இழுத்து, பந்தே இல்லாமல் வீசிப் பாருங்கள். கிளப் மண்ணைத் தொட்ட தடம் கோட்டுக்கு முன்னால், இலக்குப் பக்கமாக இருக்க வேண்டும். பின்னால் விழுந்தால் உடம்பின் எடை வலக்காலிலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். இறுகிக் காய்ந்த செம்மண்ணில் இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் மணிக்கட்டு வீங்கும். கோடு போடுவதற்கு உழுத மண், பந்தடிக்கத் தென்னைநார் மிதியடி என்று பிரித்துக்கொள்வது நல்லது.

“தலையைத் தூக்காதே” என்று எல்லோரும் சொல்வார்கள். அரை உண்மை. பந்து போன பிறகும் தலையைக் கீழே அழுத்திப் பிடித்திருந்தால் மார்பு திரும்ப முடியாது.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக: நல்ல ஆட்டக்காரர்களிடம் கிளப் மேலே போக எடுக்கும் நேரம், கீழே வர எடுப்பதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. நம் ஆட்கள் மேலேயும் பறக்கிறார்கள், கீழேயும் பறக்கிறார்கள். கீழே வரும்போது தோள் முந்திக்கொண்டால் கிளப் வெளியிலிருந்து இடப்பக்கமாகக் குறுக்கே வந்துவிடும், மறுபடி ஸ்லைஸ்தான். எடை இடக்காலுக்கு மாறுவதும் இடுப்பு திரும்புவதும் முதலில், கை கடைசியில்.

பழகிவிட்டு நிஜ மைதானத்தில் சோதிக்கப் பலர் கொடைக்கானல் போகிறார்கள். 1895-இல் தொடங்கிய கோல்ஃப் கிளப் அங்கே இருக்கிறது. 2,000 மீட்டருக்கு மேல் காற்று மெலிது; அதனால் பந்து கூடுதல் தூரம் போகும், பக்கவாட்டில் குறைவாக வளையும். அங்கே நேராகப் போன பந்தை நம்பி ஸ்லைஸ் தீர்ந்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். சென்னை நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் மைதானம்போல் சமவெளியில் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.