இரவு வானப் படத்தில் தெரியும் கருப்புப் பட்டை பிளாஸ்மா குமிழிதானா?

தரையிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் இரவு முழுக்க மங்கலான சிவப்பில் ஒளிர்கின்றன, அலைநீளம் 630 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, கேமராவில் விழும். சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தின் (மின்னேற்றத் துகள்கள் நிறைந்த மேல் வளிமண்டலத்தின்) அடிப்பக்கத்திலிருந்து எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் மேலே கிளம்பும், இவைதான் பிளாஸ்மா குமிழிகள். எலக்ட்ரான் குறைந்தால் ஒளிர்வும் குறையும், அதனால் வடக்குத் தெற்காக ஒரு கருப்புப் பட்டை தெரியும். இந்தக் குமிழிகள் ஜிபிஎஸ் சிக்னலையும் தடுமாற வைக்கும். காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் முழு வானத்தையும் ஒரே படத்தில் பிடிக்கும் முழுவான் கேமரா வைத்து இதை ஆராய்ந்திருக்கிறது.

1. இரவைத் தேர்ந்தெடுங்கள். நிலா இருக்கக் கூடாது, மேகமும் கூடாது. நம் பக்கம் மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில், இரவு 8 மணியிலிருந்து நள்ளிரவு வரை வாய்ப்பு அதிகம்.

2. ஃபில்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். ஃபிஷ் ஐ லென்ஸ், குளிரூட்டிய கேமரா, 630-ஐ மையமாக வைத்து 2 நானோமீட்டர் அகலம் மட்டும் விடும் ஃபில்டர். இதை லென்ஸுக்கு முன்னால் மாட்டாதீர்கள். சாய்ந்து வரும் ஒளிக்கு ஃபில்டர் விடும் அலைநீளமே குறைந்துவிடும், ஆகவே உள்ளே கதிர்கள் கிட்டத்தட்ட இணையாகப் போகும் இடத்தில்தான் அது இருக்க வேண்டும். எக்ஸ்போஷர் 1 முதல் 2 நிமிடம் போதும். தூண்டப்பட்ட அணு ஒளியை விடவே சராசரியாக 110 வினாடி எடுக்கும் என்பதால், அவசரப்பட்டு எடுத்தாலும் படம் பெரிதாகக் கூர்மையாகாது.

3. திசை குறியுங்கள். அண்ணாந்து பார்த்து எடுத்த படம் இது, வடக்கு மேலே இருந்தால் கிழக்கு இடது பக்கம் வரும். தெரிந்த நட்சத்திரங்களை வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

4. நட்சத்திரச் சோதனை. எனக்கு இதுதான் முக்கியமான படி. பட்டைக்குள் நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிகின்றனவா? மறைந்திருந்தால் அது மேகம். தெரிந்தால், அடுத்தடுத்த படங்களைப் பாருங்கள்: பால்வீதியின் கருப்புப் பகுதி என்றால் நட்சத்திரங்களோடு சேர்ந்து மேற்கே நகரும், குமிழி பெரும்பாலும் கிழக்கே போகும்.

5. வேகம். படத்தை 250 கிலோமீட்டர் உயரத்துக்கான வரைபடமாக விரித்துக்கொண்டு, பட்டையின் ஒரே ஓரத்தை இரண்டு படங்களில் அளந்து பாருங்கள். 10 நிமிடத்தில் 60 கிலோமீட்டர் நகர்ந்திருந்தால் வினாடிக்கு 100 மீட்டர், குமிழிக்குப் பொருந்துகிற வேகம்தான். அடிவானத்தை ஒட்டிய பகுதியில் மட்டும் அளக்காதீர்கள், அங்கே ஒரு பிக்சலுக்குள்ளேயே பல கிலோமீட்டர் அடங்கிவிடும்.