பழைய டிவி கேம் ரிமோட்டையும் ஆர்கேட் பட்டனையும் ராஸ்பெர்ரி பையில் இணைப்பது

எனக்கு விருதுநகரில் யூபிஎஸ், இன்வெர்ட்டர் சர்வீஸ் கடை. போன பொங்கலுக்குக் கடைப் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய டிவி கேம் ரிமோட் ரெண்டு கிடைத்தன. நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் மலிவு நகல்கள் நம் ஊர்ப் பக்கம் வந்தபோது வாங்கியது. மஞ்சள் கேசட் போட்டு விளையாடுவோமே, அதுதான். மிஷின் எப்போதோ போய்விட்டது, ரிமோட் மட்டும் மிச்சம். பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகன் அதைப் பார்த்துவிட்டு, பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோபை சாஃப்ட்வேர் ஏற்றிய ராஸ்பெர்ரி பை 3 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, இதுல அதை மாட்ட முடியுமா?" முடியும். கூடவே ஒரு ஜாய்ஸ்டிக்கும் நாலு ஆர்கேட் பட்டனும் ப்ளைவுட்டில் பொருத்தினோம்.

ஒயரைத் தொடும் முன் ஒன்று. பையின் 40 பின்களில் 2, 4 இரண்டிலும் 5 வோல்ட் வரும். ஆனால் பட்டனைப் படிக்கும் ஜிபிஐஓ பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நடுவில் ஃபியூஸ் ஒன்றும் கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன்பு நான் முதன்முதலாகச் செய்தபோது ரிமோட்டுக்கு 5 வோல்ட் கொடுத்தேன். அதன் டேட்டா ஒயர் அதே 5 வோல்ட்டைப் பைக்குள் தள்ளியது. போர்டு சாகவில்லை, அந்த ஒரு பின் மட்டும் செத்துப்போனது. புகையும் இல்லை, வாடையும் இல்லை. மூன்று நாள் சாஃப்ட்வேரில் தப்புத் தேடினேன்.

முதலில் பட்டன். ஆர்கேட் பட்டனின் அடியில் இருக்கும் மைக்ரோஸ்விட்சில் மூன்று காது இருக்கும்: காமன், என்ஓ (அமுக்கினால் காமனோடு சேரும்), என்சி (அமுக்கினால் பிரியும்). நமக்குக் காமனும் என்ஓவும் போதும். விளக்கு எரியும் பட்டன் என்றால் கூடுதலாக ரெண்டு காது இருக்கும், அது எல்ஈடிக்கு. பலதில் அந்த எல்ஈடி 12 வோல்ட் வகை, அதைப் பையின் பின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எந்தக் காது எது என்று சந்தேகம் வந்தால் மீட்டரை பீப்பில் வைத்துப் பட்டனை அமுக்குங்கள். அமுக்கும்போது மட்டும் கத்தும் ஜோடிதான் வேண்டியது.

காதில் நேராக ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். ஆனால் பிளாஸ்டிக் இளகி உள்ளே ஸ்பிரிங் சிக்கிக்கொள்ளும். நான் லக் (காதின் மேல் செருகும் உலோக முனை) போட்டேன். ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் கேட்டால் கார், பைக்குக்குப் போடும் 6.3 மி.மீ. லக்கை எடுத்துத் தருவார்கள், அது இதில் ஆடும். 4.8 மி.மீ. என்று சொல்லிக் கேளுங்கள். சில பட்டனுக்கு அதுவும் பெரிது, 2.8 வேண்டும். பட்டன் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது.

எல்லாப் பட்டனிலும் ஒரு காது ஜிபிஐஓ பின்னுக்குப் போகிறது, இன்னொரு காது கிரவுண்டுக்கு. அதற்குத் தனித்தனி ஒயர் வேண்டாம், ஒரே ஒயரைக் காதுக்குக் காது தாவவிடலாம். இதில் ஒரு சங்கடம் உண்டு. கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி நடுவில் ஒரு லக் கழன்றால் அதற்கு அடுத்திருக்கிற எல்லாம் செத்துவிடும். கடைசிப் பட்டனிலிருந்து இன்னொரு ஒயரை எடுத்து இன்னொரு கிரவுண்ட் பின்னில் செருகி வளையமாக்கிவிட்டால் ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் மறுபக்கம் வழியாகக் கிரவுண்ட் கிடைக்கும். ஒரு முழ ஒயர் செலவு, அவ்வளவுதான்.

இனி எந்தப் பட்டன் எந்தப் பின்னில். பையில் ஒவ்வொரு பின்னுக்கும் ரெண்டு எண் உண்டு: வரிசையில் எத்தனையாவது என்பது ஒன்று, ஜிபிஐஓ எண் இன்னொன்று. இரண்டும் ஒன்றல்ல. மருமகன் "ஜிபிஐஓ 17" என்று படித்துவிட்டு 17ஆவது பின்னில் செருகினான். 17ஆவது பின் என்பது 3.3 வோல்ட் சப்ளை. பட்டனை அமுக்கினால் சப்ளை நேராகக் கிரவுண்டுக்கு ஷார்ட். திரை அணைந்தது, அவன் முகமும்தான். நல்லவேளை, உடனே கையை எடுத்தான், பை பிழைத்துக்கொண்டது.

நான் போட்டது இது: மேல் ஜிபிஐஓ 17, கீழ் 27, இடது 22, வலது 5, ஏ 6, பி 13, செலக்ட் 19, ஸ்டார்ட் 26. வரிசை எண்ணில் சொன்னால் முறையே 11, 13, 15, 29, 31, 33, 35, 37. எல்லாமே ஒற்றைப்படை, ஒரே பக்கத்து வரிசை. கிரவுண்ட் 39இல், வளையத்தின் மறுமுனை 9இல். ஜிபிஐஓ 2, 3 இரண்டிலும் போர்டிலேயே 1.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் உண்டு, 14, 15 இரண்டும் சீரியல் போர்ட். இந்த நாலையும் விட்டுவிட்டேன். ஜிபிஐஓ 3ஐ மட்டும் பின்னால் பவர் பட்டனுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஷட் டவுன் ஆகித் தூங்கும் பையை, அந்தப் பின்னைக் கிரவுண்டோடு ஒரு தட்டுத் தட்டி எழுப்பலாம்.

ஜாய்ஸ்டிக்கில் நாலு மைக்ரோஸ்விட்ச். மாட்டி முடித்ததும், "மாமா, மேலே தள்ளுனா கீழே போகுது." "டேய் மாப்ளே, குச்சிக்கு நடுவுல அச்சு இருக்குல்ல?" தலை மேலே போனால் அடிப்பக்கம் கீழ்ப்பக்கமாகத்தான் நகரும். அதனால் மேல் திசைக்கான ஸ்விட்ச் கீழே இருக்கிறது. நாமோ பலகையைக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்கிறோம். புத்தகத் தாளைப் புரட்டுவது போலக் கவிழ்த்தால் இடதும் வலதும் மறுபடி மாறி, சரியாகவே வந்துவிடும், மேல் கீழ் மட்டும் தலைகீழாக நிற்கும். நாள்காட்டித் தாளைத் தூக்குவது போலக் கவிழ்த்தால் மேல் கீழ் சரியாகி, இடது வலது மாறும். இதையெல்லாம் மனக்கணக்குப் போடாதீர்கள். குச்சியை ஒருவர் மேலே தள்ளிப் பிடிக்கட்டும், இன்னொருவர் மீட்டரால் நாலையும் தொட்டுப் பார்க்கட்டும். கத்துவதில் "மே" என்று எழுதி ஒட்டுங்கள்.

சாஃப்ட்வேர் பக்கம் பெரிய வேலை இல்லை. எஸ்டி கார்டின் பூட் பகுதியில் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் பட்டனுக்கு ஒரு வரி, ஜிபிஐஓ-கீ ஓவர்லேயை (பின்னைக் கீபோர்டு கீயாகக் காட்டும் அமைப்பை) கூப்பிட்டு எழுதவேண்டும். அந்த வரியில் நாலு விவரம்: ஜிபிஐஓ எண், அமுக்கினால் பூஜ்யம் என்பது, உள்ளே இருக்கும் புல்-அப்பை (பின்னை 3.3 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டரை) போடு என்பது, கீபோர்டின் எந்த எழுத்தாகக் காட்டவேண்டும் என்கிற லினக்ஸ் எண். மேல் 103, கீழ் 108, இடது 105, வலது 106, என்டர் 28. புல்-அப்பை மறக்காதீர்கள். ஜிபிஐஓ 9 முதல் 27 வரை போர்டு எழும்போது கிரவுண்ட் பக்கம்தான் இழுபட்டு நிற்கும். அப்படியே விட்டால் பட்டனை அமுக்கினாலும் விட்டாலும் பூஜ்யம்தான். விளையாட்டைத் திறக்கும் முன், எந்த கீ விழுகிறது என்று காட்டும் ஈவிடெஸ்ட் நிரலைப் போட்டு ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பாருங்கள்.

இப்போது ரிமோட். எட்டுப் பட்டன் இருந்தும் அதிலிருந்து ஐந்தே ஒயர்தான் வருகிறது: சப்ளை, கிரவுண்ட், லாட்ச், கிளாக், டேட்டா. அசல் நிண்டெண்டோ ரிமோட்டில் 4021 என்ற ஐசி இருக்கும், நகலில் அதே வேலையைச் செய்யும் கறுப்புப் பொட்டு. லாட்ச் என்பது போட்டோ எடுப்பது: அந்த நொடியில் எந்தெந்தப் பட்டன் அமுங்கியிருக்கிறது என்று பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு கிளாக்கில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒவ்வொன்றாக டேட்டாவில் வரும். வரிசை ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது. அமுக்கியிருந்தால் பூஜ்யம். நீங்களே நிரல் எழுதுவதானால் ஒன்று: முதல் ஆளான 'ஏ' லாட்ச் முடிந்ததுமே ஜன்னலுக்கு வந்து நிற்பான், கிளாக்குக்குக் காத்திருக்கமாட்டான். கிளாக்கை அடித்துவிட்டுப் படித்தால் 'ஏ' காணாமல் போய், 'பி' அமுக்கினால் 'ஏ' வேலை செய்யும். படித்துவிட்டு அடிக்கவேண்டும்.

4021 மூன்று வோல்ட்டிலிருந்தே ஓடும். அதனால் ரிமோட்டுக்கு 5 வோல்ட் வேண்டாம், பையின் முதல் பின்னிலிருந்து 3.3 கொடுங்கள். டேட்டாவும் 3.3இலேயே வரும், பின் சாகாது. இன்னொரு லாபமும் உண்டு: 5 வோல்ட்டில் ஓடும் 4021 மாதிரி சிமாஸ் ஐசி 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் 'ஒன்று' என்று நிச்சயமாக நம்பும், பை தருவதோ 3.3. கறுப்புப் பொட்டு ரிமோட் ரெண்டும் என்னிடம் 3.3இல் ஒழுங்காக ஓடின. ரெண்டு ரிமோட்டுக்கும் லாட்ச், கிளாக் பொது, டேட்டா மட்டும் தனித்தனி. ஆக மொத்தம் நாலே ஜிபிஐஓ. ரெட்ரோபையின் டிரைவர் பட்டியலில் கேம்கான் என்று இருப்பதைப் போட்டுக்கொண்டு, அது எந்தப் பின்களைக் கேட்கிறதோ அதில் ஒயரைக் கொண்டுபோங்கள். ஒயர் முதலில், டிரைவர் அப்புறம் என்று போனால் எல்லாவற்றையும் பிடுங்கி மாற்றவேண்டி வரும்.

ஒன்பது பின் பிளக்கில் நகல்களில் வழக்கமாக 2 டேட்டா, 3 லாட்ச், 4 கிளாக், 6 சப்ளை, 8 கிரவுண்ட். வழக்கமாக என்றுதான் சொல்கிறேன். என் ரெண்டு ரிமோட்டில் ஒன்றுக்குச் சிவப்பு ஒயர் கிளாக், இன்னொன்றுக்குச் சிவப்பு கிரவுண்ட். ஸ்குரூவைக் கழற்றிப் போர்டில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்த்துத் தாளில் வரைந்துவிட்டுத்தான் நான் சப்ளை கொடுத்தேன். இதே பிளக்தான் பழைய அட்டாரி ஜாய்ஸ்டிக்கிலும். அதில் ஃபயர் பட்டன் 6ஐயும் 8ஐயும் சேர்க்கிறது. நகல் ரிமோட்டுக்கென்று வைத்த சாக்கெட்டில் அதைச் செருகிச் சுட்டால், முதல் குண்டு சப்ளையின் மேல்தான் விழும். சாக்கெட்டின் மேல் எழுதி ஒட்டிவையுங்கள்.

ரிமோட்டைத் திறந்ததோடு ரப்பரையும் போர்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள். ரப்பரின் அடியில் இருக்கும் கறுப்புக் கரிப்பொட்டை பிளேடால் சுரண்டக் கூடாது. அது தேய்ந்துபோயிருந்தால் 6பி பென்சிலால் நன்றாகத் தீட்டிப் பார்க்கலாம். சில மாதம் ஓடும்.

எல்லாம் மாட்டிக் கடையில் விளையாட உட்கார்ந்தால், யாரும் தொடாமலே ஆட்டம் பாஸில் (இடைநிறுத்தத்தில்) போய் நின்றது. அரைமணிக்கு ரெண்டு தடவை. கடைசியில் பார்த்தால், பக்கத்து மேஜையில் டெஸ்ட்டில் இருந்த இன்வெர்ட்டரின் ரிலே 'டக்' என்று மாறும்போதெல்லாம் ஸ்டார்ட் விழுகிறது. பைக்குள் இருக்கும் புல்-அப் ஏறக்குறைய 50 கிலோ ஓம், ரொம்ப மெலிசு. என் ஸ்டார்ட் ஒயரோ ரெண்டடி நீளம், ஆன்டெனா மாதிரி. அந்தப் பின்னிலிருந்து 3.3க்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, ஒயரையும் கிரவுண்ட் ஒயரோடு முறுக்கிவிட்டேன். இன்வெர்ட்டர் இன்னமும் டக் டக் என்கிறது, மாரியோ பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்.