சாமம் மூன்று மணிக்கு முழிப்பவர்களுக்கு: உடம்பின் மணிக்கூட்டைத் திருத்தும் முறை

ஐம்பத்தாறு வயதில் எனக்கு இரண்டு முறைப்பாடுகள். சாமம் மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும். விடிந்து கட்டிலை விட்டு இறங்கினால் முழங்கால் மரக்கட்டை மாதிரி இருக்கும். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றே நினைத்திருந்தேன். அழற்சி (காயம் பட்ட இடம் சிவந்து வீங்குகிறதே, அதுதான்) இரண்டையும் தொடுக்கக்கூடும் என்று பிறகுதான் தெரிந்தது.

வயது ஏற ஏற, கிருமித் தொற்று எதுவும் இல்லாமலே உடம்பில் மெல்லிய அழற்சி ஒன்று சாம்பலுக்குள் தணல் போல இருந்துகொண்டிருக்கும். இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ பிரான்செஸ்கி 2000ஆம் ஆண்டில் இதற்கு ‘இன்ஃபிளமேஜிங்’ என்று பெயர் வைத்தார். இதய நோய், நீரிழிவு எல்லாவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு. தூக்கம் குழம்பியவர்களின் இரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற புரதம் போன்ற அழற்சிக் குறிகள் கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அழற்சி கூடினால் தூக்கமும் கெடும். நம் கைக்கு எட்டுவது தூக்கம்தான். அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: கொப்பி

இரண்டு கிழமைக்கு, படுத்த நேரம், தூங்கிய நேரம், எழும்பிய நேரம் மூன்றையும் எழுதுங்கள். ஒரு சீ.ஆர். கொப்பி போதும். ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம் என்பது என் கட்சி. கை அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து அது ஊகித்துச் சொல்லும் ‘ஆழ்ந்த தூக்கம்’ கணக்கைப் பார்த்தே எனக்குப் பாதிக் கவலை வந்தது. சாமத்தில் மணி பார்க்காதீர்கள். காலையில் குத்துமதிப்பாக எழுதினால் சரி.

படி 2: எழும்பும் நேரம்

நான் சறுக்கியது இங்கேதான். தூக்கம் போதவில்லையா, நேரத்தோடு படுத்தால் ஆச்சு என்று எட்டரைக்கே படுத்தேன். காற்றாடியின் டக் டக், பக்கத்து வீட்டு நாடகத்தின் அழுகை எல்லாம் கேட்டு முடிய பதினொரு மணியாகும். முழிப்பு மட்டும் பிசகாமல் மூன்றுக்கு. மூன்று கிழமை இப்படியே வீணாய்ப் போனது.

மூளையில் சுமார் 20,000 நரம்புக் கலங்கள் சேர்ந்த ஒரு சின்ன முடிச்சுத்தான் நம் மணிக்கூடு. பெரும்பாலானோரிடம் அதன் ஒரு நாள் 24 மணித்தியாலத்தை விடக் கொஞ்சம் நீளம். ஆகவே தினமும் திருத்த வேண்டும். திருத்துவது கண்ணில் படும் வெளிச்சம்: காலை வெளிச்சம் அதை முந்த வைக்கும், பின்னேர வெளிச்சம் பிந்த வைக்கும். தூக்கத்தை வா என்றால் வராது. எழும்பும் நேரத்தை மட்டும் ஆணி அடித்த மாதிரி நிறுத்தலாம்.

நான் செய்தது: முழிப்பு எப்போது வந்தாலும், ஞாயிறு, தீபாவளி என்று பாராமல் ஐந்தே முக்காலுக்கு எழும்பி, திருகோணமலை டச்சு பே கடற்கரையில் அரை மணி நேர நடை. கிழக்குக் கரைக்காரருக்கு இது கொடுப்பினை. ஆண்டு முழுக்க ஆறு மணியை ஒட்டியே சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பும். (சூரியனை நேரே பார்க்க வேண்டாம். கடற்கரைக்கு வரும் மான்களைப் பாருங்கள்.) கார்த்திகை மழையில் மூட்டம் போட்டிருந்தாலும் வெளிவெளிச்சம் வீட்டு டியூப் லைட்டை விடப் பல மடங்கு. இரவில் கண் சொருகும்வரை, பத்தரைக்கு முன் கட்டில் பக்கம் போகவே இல்லை. முதல் பத்து நாள் பகலெல்லாம் தள்ளாட்டம். மதியத் தூக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் இல்லை. மூன்றாம் கிழமை ஒரு நாள் கண் விழித்தபோது ஐந்து பத்து.

படி 3: பின்னேரம்

விறாந்தையின் வெள்ளை பல்பைக் கழற்றி மஞ்சள் பல்பு போடுங்கள். கஃபீனில் பாதி கழியவே ஐந்து மணித்தியாலம் அளவில் பிடிக்கும். மதியம் இரண்டுக்குப் பின் தேத்தண்ணி கிடையாது. ஐந்து மணி பிளேன்டீயைக் கைவிட முதலில் எனக்கு மனம் வரவில்லை, இப்போது அந்த நேரத்துக்கு மல்லித்தண்ணீர். கொத்து ரொட்டியை ஒன்பதரைக்குச் சாப்பிட்டுவிட்டு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

படி 4: இரத்தப் பரிசோதனை (விரும்பினால்)

எச்.எஸ்.சி.ஆர்.பி. என்பது மேலே சொன்ன சி.ஆர்.பி.யை நுணுக்கமாக அளக்கும் பரிசோதனை. லீட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் குறைவு, 3க்கு மேல் கூடுதல். எனக்கு முதலில் வந்தது 14! இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகுதான் டொக்டர் கேட்டார், “பல்லில் சீழ் ஏதும் இருந்ததா?” இருந்தது. 10க்கு மேல் போனால் பெரும்பாலும் தொற்றோ காயமோதான். ஆறியபின், குறைந்தது இரண்டு கிழமை கழித்துத் திரும்பச் செய்ய வேண்டும். அலகையும் பாருங்கள்: டெசிலீட்டரில் (லீட்டரில் பத்தில் ஒரு பங்கு) 0.4 மில்லிகிராம் என்றால் லீட்டரில் 4. இரண்டு மாதம் கழித்து எனக்கு 2.6. தூக்கத்தை விடப் பல்லைப் பிடுங்கியதற்கே அதில் பங்கு கூட என்று நினைக்கிறேன்.

குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா, காலை விறைப்போடு மூட்டும் வீங்குகிறதா, கொப்பியை மூடிவிட்டு டொக்டரிடம் போங்கள்.

புதுக்குறிப்பு: உப்புவெளித் தங்கை ஒருவர் எழுதியிருந்தார், அம்மா ஏழு மணிக்கே தூங்கி இரண்டரைக்கு எழும்புகிறாராம். அவருக்கு என் முறை எதிர்மாறாக வேலை செய்யும். அவர் மணிக்கூடு ஏற்கெனவே முந்தி ஓடுகிறது, வயதானால் அப்படி ஆவதுண்டு. அவரைப் பின்னேரம் வெளிச்சத்தில் நடக்க விடுங்கள். விடியக்காலை வெளிச்சத்தைக் குறையுங்கள்.

இன்னொன்று: இரவில் கடலுக்குப் போகும் தம்பிமார், கரைக்கு வந்ததும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். ஜன்னலுக்குத் தடித்த பெட்சீட்டைக் கட்டி இருட்டாக்கிப் படுங்கள். மீன் விலை பேச எழுப்ப வேண்டாம் என்று வீட்டில் முதலே சொல்லி வையுங்கள்.