சைக்காலஜி படிக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

மேத்ஸ் கிட்ட இருந்து தப்பிச்சா போதும்னு பி.எஸ்சி. சைக்காலஜி எடுக்குறவங்க நிறைய பேர் இருக்காங்க, முதல் தப்பு அங்கயே ஆரம்பிச்சிடுது. டி-டெஸ்ட், அனோவா, கோரிலேஷன்னு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எப்படியும் வந்து நிக்கும், அப்ப சீனியர் கிட்ட போய் எஸ்பிஎஸ்எஸ்ங்கிற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர்ல எதை கிளிக் பண்ணணும்னு மட்டும் கேட்டுக்கிட்டு ஓட்டிடுவாங்க. பாஸ் ஆயிடலாம்தான். ஆனா அவுட்புட் டேபிள்ல பி வேல்யூ 0.03னு வந்திருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டுப் பாருங்க, "நம்ம ஹைப்போதீசிஸ் சரியா இருக்க 97 சதவீதம் சான்ஸ்"னு பதில் வரும். அப்படி இல்லங்க. நிஜத்துல ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசமே இல்லைன்னு வச்சுக்கிட்டா, இவ்ளோ பெரிய வித்தியாசமோ இதை விட பெருசோ சும்மா தற்செயலா கண்ணுல படுறதுக்கு நூத்துல மூணு வாய்ப்பு, அவ்ளோதான் அது சொல்லுது.

ப்ராஜெக்ட் நேரத்துல இது இன்னும் மோசமாகும். கைல இருக்குற டேட்டாவை வச்சு எதை எதோட வேணாலும் ஒப்பிட்டுப் பாத்து, ஸ்டார் போட்டு வந்ததை (பி வேல்யூ 0.05க்கு கீழன்னு அர்த்தம்) மட்டும் தீசிஸ்ல எழுதுவாங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் ஓட்டுனா, எதுலயுமே விஷயம் இல்லாட்டியும் ஒண்ணாவது 0.05க்கு கீழ வர்றதுக்கு கிட்டத்தட்ட 64 சதவீதம் வாய்ப்பு இருக்கு, கால்குலேட்டர்ல நீங்களே போட்டுப் பாக்கலாம்.

பெரிய ஆராய்ச்சியாளர்களும் இதுல வழுக்குவாங்கன்னு காட்டத்தான் 2009ல அமெரிக்காவுல ஒரு டீம், செத்துப்போன சால்மன் மீனை, மூளையைப் படம் பிடிக்குற எஃப்எம்ஆர்ஐ மெஷினுக்குள்ள வச்சு, மனுஷங்க போட்டோவைக் காட்டி, இவங்க என்ன ஃபீல் பண்றாங்க சொல்லுன்னு அதுகிட்ட கேட்டாங்க (ஆமா, மீன்கிட்டதான்). கணக்கை சாதாரணமா போட்டா மீனோட மூளைல சில இடம் ஆக்டிவ்னு காட்டுச்சு, ஆயிரக்கணக்கான புள்ளிங்களை ஒரே நேரத்துல டெஸ்ட் பண்றோமேன்னு அதுக்கான கரெக்‌ஷன் போட்டதும் எல்லாம் காணாமப் போச்சு. 2012ல இதுக்கு இக் நோபல் கிடைச்சுது (முதல்ல சிரிக்க வச்சு அப்புறம் யோசிக்க வைக்குற ஆராய்ச்சிக்குக் குடுக்குற பரிசு). அதனால கலர் கலரா மூளைப் படத்தைப் பாத்து மயங்காதீங்க, எஃப்எம்ஆர்ஐ அளக்குறது நியூரானோட வேலையை நேரா இல்ல, ரத்தத்துல ஆக்சிஜன் மாறுறதை, அதுவும் சில செகண்ட் தாமதமா.

"எனக்கு கவுன்சலிங்தான், பயாலஜி எதுக்கு"ன்னு சொல்றவங்களுக்கு ஒரே வரி: தைராய்டு குறைஞ்சாலும் ஆளு டிப்ரஷன் மாதிரியே சோர்ந்து போய் வந்து உக்காருவாங்க.

அடுத்தது டெக்ஸ்ட்புக் கதைங்களை அப்படியே முழுங்குறது. 1848ல இரும்புக் கம்பி மண்டைல பாய்ஞ்ச ஃபினியஸ் கேஜ் அதுக்கப்புறம் உருப்படவே இல்லைன்னு எழுதுவாங்க, அவரு பின்னாடி சிலி நாட்டுல வருஷக்கணக்கா குதிரை வண்டி ஓட்டிப் பொழச்சாரு. 1964ல நியூயார்க்ல கிட்டி ஜெனோவீஸ்ங்கிற பொண்ணோட கொலையை 38 பேர் வேடிக்கை பாத்தாங்கன்னு பத்திரிகைல வந்த கணக்கும் தப்புதான். 2015ல 100 ஆராய்ச்சியைத் திரும்பப் பண்ணிப் பாத்ததுல மூணுல ஒரு பங்கு சொச்சம்தான் மறுபடி அதே மாதிரி வந்துச்சு. உடனே சைக்காலஜியே டுபாக்கூர்னு கிளம்பிடாதீங்க, அது இன்னொரு தப்பு. பச்சை மைல "சிவப்பு"ன்னு எழுதி மையோட கலரைச் சொல்லச் சொல்லுங்க, ஸ்டாப்வாட்ச் வச்சுப் பாத்தா, வார்த்தையும் கலரும் ஒண்ணா இருக்குறதை விட எந்த கிளாஸ்லயும் நேரம் கூடத்தான் ஆகும். எது நிக்குது எது விழுதுன்னு பிரிக்கத்தான் இத்தனை வருஷப் படிப்பும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும்.

ரூம்மேட்டுக்கு ஓசிடி, சித்திக்கு பைபோலார்னு ஃபர்ஸ்ட் செமஸ்டர்லயே டயக்னோசிஸ் எழுதுறதைப் பத்தி நான் தனியா சொல்ல வேண்டியதில்லை, சித்தியே சொல்லுவாங்க.

காசும் வருஷமும் போற தப்பு ஒண்ணு இருக்கு, எம்.எஸ்சி. முடிச்சா கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆயிடலாம்னு நினைக்கிறது. இந்தியாவுல அந்தப் பேர்ல ப்ராக்டிஸ் பண்ண ஆர்சிஐ (ரீஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா) பதிவு வேணும், அதுக்கு ஆர்சிஐ அங்கீகாரம் இருக்குற இடத்துல ட்ரெயினிங் முடிச்சிருக்கணும். இவ்ளோ நாளா அது பெங்களூரு நிம்ஹான்ஸ் மாதிரி மனநல ஆஸ்பத்திரில ரெண்டு வருஷ ஃபுல்டைம் எம்.ஃபில்லா இருந்துச்சு. 2020 கல்விக் கொள்கை எம்.ஃபில்லே வேணாம்னு சொன்னதால பாதை மாறிக்கிட்டிருக்கு, அஞ்சு வருஷம் முன்னாடி போட்ட யூடியூப் வீடியோவை நம்பி பிளான் போடாதீங்க. கரெஸ்ல படிச்சுக்கலாம்ங்கிற கணக்கும் இனி ஓடாது, 2025 ஜூலை-ஆகஸ்ட் செஷன்ல இருந்து தொலைதூரத்துலயும் ஆன்லைன்லயும் சைக்காலஜி நடத்தக் கூடாதுன்னு யூஜிசி சொல்லிடுச்சு. ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஆர்சிஐ வெப்சைட்ல அந்தக் காலேஜ் பேரும் கோர்ஸ் பேரும் ரெண்டுமே இருக்கான்னு பாருங்க. காலேஜ் பேர் மட்டும் இருந்தா பத்தாது.

கடைசியா ஒரு கூத்து. ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட் 2006ல பண்ண எக்ஸ்பெரிமென்ட் சிலபஸ்லயே வரும்: இன்னொரு தடவை வாசிச்சவங்களை விட, வாசிச்சதை மூடி வச்சிட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்தவங்களுக்கு ஒரு வாரம் கழிச்சு அதிகம் நினைவிருந்துச்சு, 42க்கு 56 சதவீதம். அந்த பத்தியை மஞ்சள் ஹைலைட்டர்ல கோடு போட்டு, எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி நாலு தடவை வாசிச்சிட்டுப் போறாங்க.