பாட்டில் விலை ஏறினால் முதலில் கிராம் கேளுங்கள்

கும்பகோணத்தில் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. பினாயில், சீவல், செக்கு எண்ணெய், ஊதுபத்தி என்று எல்லாத் தொழிலின் பில்லும் என் மேசைக்கு வரும். கொஞ்ச நாளாகப் பாட்டில் பில்லோடு ஒரு கடிதமும் வருகிறது: மறுசுழற்சி விதி வந்துவிட்டது, அதனால் பாட்டிலுக்கு ஒன்றரை ரூபாய் கூடுதல். அந்த ஒரு வரியை வைத்து ரேட்டை ஒத்துக்கொள்ளாதீர்கள். விதியால் எவ்வளவு ஏறும் என்று நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம்.

விதி இதுதான். 2016-இல் வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளை 2022 பிப்ரவரியில் திருத்தினார்கள். அதன்படி பாட்டில், டப்பா, கேன் மாதிரியான கெட்டிப் பொதிகளில் 2025-26-இல் 30 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருக்க வேண்டும். ஆண்டுக்குப் பத்துப் பத்தாகக் கூடி 2028-29-இல் 60 ஆகும். கவர், பவுச்சுக்கு 10 சதவீதம், 2027-28 முதல் 20. அலுமினியத் தாள் ஒட்டிய உறைக்கு 5, பிறகு 10. இது ஆண்டு மொத்த எடைக்கான கணக்கு. ஒவ்வொரு பாட்டிலிலும் அதே அளவு இருந்தாக வேண்டும் என்றில்லை. குறு, சிறு நிறுவனமாக உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவு வைத்திருக்கும் பிராண்டுக்காரர் மேல் இந்தக் கடமை நேரடியாக விழாது. நம் ஊர்த் தொழில்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். அதனால் விதி நம்மிடம் நோட்டீஸாக வருவதில்லை, பாட்டில் விற்கிறவர் ஏற்றும் விலையாக வருகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். நகைக்கடைத் தராசு மாதிரி சின்னது ஒன்று போதும். பினாயில் போடும் தம்பி ஒருவர் காலி பாட்டிலோடு வந்து, "அக்கா, கவர்மென்ட் ரூல்ஸ்னு சொல்றாங்க, நாம என்ன பேச முடியும்?" என்றார். மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, பாட்டிலை மட்டும் தராசில் வைத்தோம். 50 கிராம். அதில் 30 சதவீதம் என்றால் 15 கிராம். கிலோவுக்கு மறுசுழற்சிக் குருணை (பாட்டில் செய்ய உருக்கும் பிளாஸ்டிக் மணி) புதுக் குருணையைவிட 20 ரூபாய் அதிகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 15 கிராமுக்கு 30 காசு. ஒன்றரை ரூபாய் ஏற வேண்டுமானால் கிலோவுக்கு 100 ரூபாய் வித்தியாசம் இருக்க வேண்டும். "நூறு ரூபாய் வித்தியாசமான்னு கேளுங்க தம்பி, அவங்களே இறங்கி வருவாங்க" என்றேன்.

உண்மையில் பினாயில் பாட்டிலுக்குப் போகும் சாதாரண மறுசுழற்சிக் குருணை பல சமயம் புதுசைவிட மலிவுதான். புதுக் குருணையின் விலை கச்சா எண்ணெயோடு ஏறி இறங்கும். எண்ணெய் விலை விழுந்தால் புதுசு மலிவாகி, பழையதைப் பிரித்து, கழுவி, உருக்குகிறவர் தவித்துப் போவார். அந்த நேரத்திலும் பழையதற்கு ஆள் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தச் சதவீதம். பிரிக்கிற, கழுவுகிற கைகளுக்குக் கூலி நிலைக்க வேண்டும் என்றால் இப்படி ஒரு விதி தேவை என்று நான் முழுமனதாக நம்புகிறேன். விதியின் பெயரைச் சொல்லி வேறு செலவையெல்லாம் நம் தலையில் ஏற்றுவதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது.

உணவுப் பொருள் என்றால் கதை வேறு. செக்கு எண்ணெய் போடுகிறவர்கள் மலிவாகக் கிடைக்கிறதே என்று சாதாரண மறுசுழற்சி பாட்டில் பக்கம் போகவே கூடாது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) ஏற்றுக்கொண்ட முறையில் சுத்திகரித்த பிளாஸ்டிக்தான் உணவைத் தொடலாம். அந்தத் தரத்தில் பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) குருணை புதுசைவிட விலை கூடுதலாக இருப்பது வழக்கம். உணவுக்கு மறுசுழற்சி சேர்க்க முடியாத பெரிய நிறுவனங்கள் விலக்குப் பெற்றாலும், அளவுக்கு மேல் சேர்த்த வேறு நிறுவனத்திடமிருந்து அதே எடைக்குச் சான்று வாங்கியாக வேண்டும். அதற்கும் காசு. ஆகவே எண்ணெய்ப் பாட்டிலில் ஏற்றம் நியாயமாக இருக்கலாம். அதையும் கிராம் கணக்கில் எழுதிக் கேளுங்கள்.

மலிவாகக் கிடைத்தாலும் உடனே மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். கலவை சரியில்லாத மறுசுழற்சி பாட்டில் சோப்புத் திரவம், பினாயில் பட்டால் நாள் போகப் போக அடியிலும் தோளிலும் மயிரிழையாக விரிசல் விடும். சாம்பிள் பாட்டில்களில் உங்கள் சரக்கையே நிரப்பி, மூடியை இறுக்கி, அடியில் பேப்பர் விரித்து, தகரக் கொட்டகை வெக்கையில் இரண்டு வாரம் தலைகீழாக நிறுத்துங்கள். பேப்பரில் ஈரம் தெரிந்தால் அந்த லாட் வேண்டாம். இதிலும் ஒரு கணக்கு உண்டு. பாட்டிலுக்கு 30 காசு மிச்சம் என்றால் 20 பாட்டில் பெட்டியில் மிச்சம் 6 ரூபாய். வேதாரண்யம் போகிற வண்டியில் 60 ரூபாய் பாட்டில் ஒன்று ஒழுகினால் பத்துப் பெட்டி மிச்சமும் போச்சு. நனைந்த லேபிள், கடைக்காரர் திட்டு எல்லாம் அப்புறம்.

லேபிளையும் பாருங்கள். பெட் பாட்டிலுக்கு பி.வி.சி. உறை போடாதீர்கள். கழுவும் தொட்டியில் பி.வி.சி.யும் பெட்டும் சேர்ந்து அடியில் மூழ்கும், பிரியாது. உருக்கும்போது கொஞ்சம் கலந்தாலும் பெட் பழுப்பேறிக் கெட்டுவிடும். பி.பி. (பாலிப்ரொப்பிலீன்) லேபிள் மிதக்கும், எளிதாகப் பிரியும். காயலான் கடையில் இப்படிச் சுத்தமாகப் பிரிகிற பாட்டிலுக்குத்தான் நல்ல விலை. விதியால் பழைய பாட்டிலுக்குக் கிராக்கி கூடும்போது அந்த வித்தியாசமும் கூடும். கடைகளிலிருந்து காலி பாட்டில் திரும்ப எடுக்கிறவர்கள் மூடி தனி, வெள்ளை தனி, கலர் தனி என்று சாக்கில் கட்டி வைத்துவிட்டு ரேட் பேசுங்கள்.

கடைசியாக, ஆர்டர் தாளில் நான்கு விஷயம் எழுதி வாங்குங்கள்: பாட்டில் எடை எத்தனை கிராம், மறுசுழற்சி எத்தனை சதவீதம், எந்த மாதக் குருணை விலை, குருணை விலை இறங்கினால் பாட்டில் விலை எவ்வளவு இறங்கும். 2028-29 வரை ஒவ்வொரு ஏப்ரலிலும் பாட்டிலுக்கான சதவீதம் ஏறுவதால், ஆண்டு ரேட் பேசுகிறவர்கள் மார்ச்சுக்குள் இதை முடித்துக்கொள்ளுங்கள்.