ஜீப்புக்கு எக்ஸ்ட்ரா லைட்: ரிலே வைத்து வயரிங் செய்யும் முறை

ராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் போடத் தோப்புக்குப் போகிறவர்களுக்குக் கண்மாய்க் கரைத் தடம் எப்படி இருக்கும் என்று தெரியும். இரண்டு பக்கமும் சீமைக் கருவேல், நடுவில் மழை அறுத்த செம்மண் பள்ளம். ஹெட்லைட் வெளிச்சம் பள்ளத்தின் மேலாகவே தாண்டிப் போய்விடும். பம்பரில் தாழ்வாக இரண்டு லைட் மாட்டினால் பிரச்சினை தீரும். ஆனால் நல்ல லைட்டாகப் பார்த்து வாங்குகிறவர்கள் கூட வயருக்கும் லக்குக்கும் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) வரும்போது கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். ஆறே மாதத்தில் லைட் மங்குவதற்கும் ஃபியூஸ் ஹோல்டர் உருகுவதற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது.

12 வோல்ட் பேட்டரி உள்ள எந்த ஜீப்புக்கும் இந்த முறை பொருந்தும். இங்கே கணக்குக்கு 55 வாட் ஹாலஜன் லைட் இரண்டு எடுத்துக்கொள்வோம். எல்இடி கரண்ட் குறைவாகத்தான் இழுக்கும். அதற்கும் வயரிங் இதேதான், ஃபியூஸ் மட்டும் மாறும்.

முதலில் ஒரு சட்ட விஷயம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111-ஆவது விதி, பதிவு அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் வண்டியின் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைக்கக்கூடாது என்கிறது. ஒப்புதலும் விசேஷக் காரணம் இருந்தால்தான். ஆகவே இது தோப்புக்கும் சொந்த நிலத்துத் தடத்துக்கும் உரிய லைட். ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். மெயின் ரோட்டில் சுவிட்ச் ஆஃப், லைட்டுக்கு மேல் மூடி. தைப்பூசத்துக்கு முன்னால் பழனிக்கு நடந்து போகிறவர்கள் விடிவதற்குள் ரோட்டோரம் வரிசையாக வருவார்கள். அவர்கள் கண்ணில் இந்த வெளிச்சம் அடித்தால் கால் வைக்கும் இடம் தெரியாது.

கணக்கு

இரண்டு லைட்டும் சேர்ந்து 110 வாட். 12-ஆல் வகுத்தால் 9 ஆம்பியருக்குச் சற்று மேல். அதில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஃபியூஸ் எடுக்க வேண்டும் என்பதால் 15 ஆம்பியர், நீல நிறம். எல்இடி இரண்டும் சேர்ந்து 80 வாட் என்றால் 10 ஆம்பியர் போதும், அது சிவப்பு. எல்இடி பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பாதீர்கள். மல்டிமீட்டரில் ஆம்பியர் பார்த்து முடிவு செய்யுங்கள்.

லைட்டுக்குப் போகும் வயர் 2.5 சதுர மி.மீ. இதில் ஏன் கஞ்சத்தனம் கூடாது என்றால், 1 சதுர மி.மீ. வயரில் 3 மீட்டர் தூரத்துக்கு 9 ஆம்பியர் ஓடினால் போகிற வழியிலேயே அரை வோல்ட் காணாமல் போகிறது. எர்த் வழியும் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை) அதே மாதிரி மெலிதாக இருந்தால் மொத்தம் 1 வோல்ட். ஹாலஜனில் 1 வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். அதற்கு விலை குறைந்த லைட்டே வாங்கியிருக்கலாம்.

வாங்க வேண்டியவை

12 வோல்ட் 40 ஆம்பியர் நாலு பின் ரிலே (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) ஒன்று, அதற்கு வயர் வைத்த சாக்கெட். மூடி உள்ள பிளேடு ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று, 15 ஆம்பியர் ஃபியூஸ் மூன்று. சிவப்பு ஆட்டோ வயர் 2.5 சதுர மி.மீ. 4 மீட்டர், கறுப்பு 3 மீட்டர். சுவிட்சுக்கு 1 சதுர மி.மீ. வயர் 5 மீட்டர், வேறு நிறத்தில். துளை வைத்த லக் ஆறு, ஸ்பேட் லக் பத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், வரி வரியாக இருக்கும் கறுப்புக் குழாய் 4 மீட்டர், கேபிள் டை ஒரு பாக்கெட், ராக்கர் சுவிட்ச் ஒன்று. கிரிம்பிங் பிளையர் இல்லையென்றால் இரவல் வாங்குங்கள். சாதா கட்டிங் பிளையரால் நசுக்கிய லக் பார்க்க நன்றாக இருக்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும்.

வீட்டு வயரிங்கில் மிஞ்சிய துண்டு இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த உறை எண்ணெய்க்கும் இன்ஜின் சூட்டுக்கும் செய்ததல்ல, விறைத்து வெடிக்கும். ஒற்றைக் கம்பி வயராக இருந்தால் வண்டி குலுங்கும் குலுக்கலில் உள்ளேயே ஒடிந்துவிடும்.

மாட்டுதல்

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி ஓரமாக வையுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் தட்டும்போது தீப்பொறி பறக்கும்.

லைட்டை ஹெட்லைட்டை விடத் தாழ்வாக, ரேடியேட்டர் கிரில்லுக்குக் காற்று போவதை மறைக்காமல் பம்பரில் பொருத்துங்கள். போல்ட்டுக்கு ஸ்பிரிங் வாஷர் கட்டாயம். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரல் பிசுக்கு ஒட்டிய இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போகும்.

ரிலேயை இன்ஜின் அறைக்குள் பக்கத் தகட்டில், சைலன்சர் சூடு படாத இடத்தில், பின்கள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். மேலே பார்த்தால் ஐப்பசி மழைத் தண்ணீர் சாக்கெட்டுக்குள் இறங்கி நிற்கும்.

ரிலேயின் நாலு கால்

ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண் போட்டிருக்கும். லைட்டின் முழு கரண்ட்டும் 30-லிருந்து 87-க்குப் போகிறது. 85-க்கும் 86-க்கும் நடுவே இருப்பது காயில், அதாவது கம்பிச் சுருள். அது இழுப்பது 0.2 ஆம்பியருக்கும் குறைவு. டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக ஓடுவது இந்தச் சின்ன கரண்ட் மட்டும்தான். ரிலே இல்லாமல் நேரடியாகக் கொடுத்தால் 9 ஆம்பியரும் சுவிட்சின் மெல்லிய தகட்டைத் தாண்டிப் போக வேண்டும். சில மாதத்தில் சுவிட்ச் இளகிக் கறுக்கும்.

30: பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் 2.5 சிவப்பு வயர்.
87: இரண்டு லைட்டின் பாசிட்டிவுக்கு.
85: பாடி எர்த்.
86: சுவிட்சிலிருந்து வரும் வயர்.

ஐந்து பின் ரிலே கிடைத்தால் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும். அதில் லைட்டைக் கொடுத்தால் சுவிட்ச் போடாமலே எரியும், போட்டால் அணையும். அதைக் காலியாக விடுங்கள். சில ரிலேக்களுக்குள் டயோடு (கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) இருக்கும். அவற்றில் 86-தான் பாசிட்டிவ், மாற்றிக் கொடுத்தால் சுவிட்ச் பக்கத்து ஃபியூஸ் அடித்துக்கொள்ளும். எல்லா ரிலேக்கும் 86 பாசிட்டிவ் என்றே பழகிக்கொண்டால் குழப்பமில்லை.

ஃபியூஸ் ஹோல்டர் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது லைட்டை அல்ல, வயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள வயர் எங்காவது உரசித் தகட்டில் பட்டால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. வயர் பழுத்துத் தீப்பிடிக்கும். ஹோல்டரை மாட்டுங்கள், ஃபியூஸை இப்போதைக்குச் செருகாதீர்கள்.

சுவிட்ச்

இன்ஜின் அறையையும் உள்பக்கத்தையும் பிரிக்கும் தகட்டில் கம்பெனி வயர்கள் நுழையும் ரப்பர் கிராமெட் இருக்கும். சைக்கிள் ஸ்போக்ஸ் ஒன்றின் நுனியில் வயரை டேப்பால் ஒட்டி, அந்த ரப்பரின் ஓரமாகக் குத்தி உள்ளே தள்ளுங்கள். கம்பெனி வயர்க் கட்டைக் குத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகத் துளை போட்டால் அதற்கும் கிராமெட் வேண்டும். வெறும் தகட்டு விளிம்பு கத்தி மாதிரி.

சுவிட்சுக்கான பாசிட்டிவை சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஃபியூஸ் காலியிடத்திலிருந்து, 3 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து எடுங்கள். பேட்டரியிலிருந்து நேரே எடுத்தால், சுவிட்சை அணைக்க மறந்த ஒரே ராத்திரியில் 60 ஆம்பியர் ஹவர் பேட்டரி காலி: 9 ஆம்பியர் ஆறு மணி நேரம் ஓடினாலே 54. ஹைபீம் போட்டால்தான் எரிய வேண்டும் என்பவர்கள் ஹைபீம் வயரிலிருந்து எடுக்கலாம், டிம் செய்தால் தானே அணையும். ஆனால் புது வண்டிகளில் ஹெட்லைட் வயரைக் கிழித்து ஜாயின்ட் போட்டால் வாரண்டி கேள்விக்குள்ளாகும்.

மூன்று கால் ராக்கர் சுவிட்சில் பெரும்பாலும் பித்தளை நிறத்தில் இருப்பது எர்த். சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன லைட்டுக்கு மட்டும் அது. பாசிட்டிவை அதில் கொடுத்தால் ஃபியூஸ் போகும். வயரைக் கிளட்ச், பிரேக் பெடலுக்கும் ஸ்டியரிங் கம்பிக்கும் எட்டாமல் கட்டுங்கள்.

ஜாயின்ட்டும் எர்த்தும்

முறுக்கி டேப் சுற்றுவதுதான் ஊர் வழக்கம். சித்திரை வெயிலில் டேப்பின் பசை இளகி வழுக்கும், அதன்மேல் செம்மண் தூசி ஒட்டும், அடுத்த மழையில் ஜாயின்ட் பச்சையாகக் களிம்பேறும். ஆகவே லக் போட்டு கிரிம்ப் செய்யுங்கள்: உறையை 6 மி.மீ. உரியுங்கள், ஒரு இழை கூட வெட்டுப்படாமல். முதலில் ஸ்லீவை வயரில் கோத்துவிட்டு லக்கை நசுக்குங்கள். பிறகு பலமாக ஒருதரம் இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் நல்லதுதான், இப்போதே வந்ததே. ஸ்லீவைக் கோக்க மறந்துவிட்டு லக் போட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளாதவர்கள் இந்தத் தொழிலில் இல்லை.

எர்த்துக்குப் பாடியில் ஒரு போல்ட்டைக் கழற்றி, அதைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசளவு பெயின்ட்டைச் சுரண்டி, தகடு வெள்ளையாகப் பளபளக்கும்வரை உப்புத்தாள் போடுங்கள். லைட்டின் கறுப்பு வயர் லக், பல் வைத்த வாஷர், போல்ட், இறுக்கிய பிறகு மேலே கிரீஸ். கிரீஸ் இல்லையென்றால் செம்பும் இரும்பும் ஈரமும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி ஆகி இரும்பை அரிக்கும். (அரிப்பையும் பேட்டரியையும் ஆராயவே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனாலும் நம்மூர் வண்டிகளில் எர்த் போல்ட் பெயின்ட்டுக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கும்.) பம்பரில் எர்த் கொடுக்காதீர்கள். ரப்பர் புஷ்ஷும் பெயின்ட்டும் இடையில் இருந்தால் கரண்ட் திரும்பாது.

வயர் முழுவதையும் வரிக் குழாய்க்குள் விட்டு, ஒரு சாணுக்கு ஒரு கேபிள் டை போடுங்கள். தொங்கும் வயரைக் கருவேல முள் கொத்தி இழுத்துவிடும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் நிற்கும் வண்டியானால் எலிக்கும் அந்தக் குழாய்தான் முதல் தடை. முழுத் தடை அல்ல. பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பார்வை பாருங்கள்.

ஃபியூஸ் போடுமுன்

நெகட்டிவ் கேபிளை மாட்டுங்கள். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் வைத்து, ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செருகுங்கள். சுவிட்ச் ஆஃபில் பல்பு எரிந்தால் 30-க்குப் போகும் வயர் எங்கோ பாடியில் படுகிறது, அல்லது 87ஏ-யில் கொடுத்திருக்கிறீர்கள். எரியவில்லை, சாவியும் சுவிட்சும் போட்டதும் ரிலே ‘டிக்’ என்று அடித்து இந்தப் பல்பு எரிகிறது என்றால் சரி. (லைட்டுகள் இப்போது எரியாது, வோல்ட்டேஜை இந்தப் பல்பே சாப்பிட்டுவிடும்.) அதன்பின் உண்மையான ஃபியூஸ்.

எரியவில்லை என்றால் காதைக் கொடுங்கள். ‘டிக்’ கேட்கவில்லையா, கோளாறு 86, 85 பக்கம்: சுவிட்ச், சின்ன ஃபியூஸ், காயில் எர்த். கேட்டும் எரியவில்லையா, 30, 87 அல்லது லைட்டின் எர்த். ஃபியூஸ் உடனே போனால் லைட் பிராக்கெட்டுக்கு அடியில் வயர் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள்.

மங்கலாக எரிந்தால், எரியும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை லைட்டின் பாசிட்டிவிலும் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் ஏதோ ஜாயின்ட் கெட்டது. அதே மாதிரி பேட்டரி நெகட்டிவுக்கும் லைட்டின் எர்த்துக்கும் நடுவே 0.2-க்கு மேல் இருந்தால் அந்த போல்ட்டை மறுபடி சுரண்ட வேண்டியதுதான்.

வெளிச்சத்தை இறக்குதல்

இதற்கு நம்மூர் பெரிய வீட்டு மதிலை விட வசதி இல்லை; தெருவிலிருந்து அடுத்த தெருவரை நேராகப் போகும் வெள்ளைச் சுவர். சமதரையில் சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, லைட்டின் நடு உயரத்தைச் சாக்பீஸால் சுவரில் குறியுங்கள். அதற்கு 10 செ.மீ. கீழே வெளிச்சத்தின் மேல் விளிம்பு நிற்கும்படி சாய்த்து இறுக்குங்கள். பின்னால் மூட்டை ஏற்றும் வண்டி என்றால் மூட்டையை ஏற்றிவிட்டே பாருங்கள், மூக்கு தூக்கிக்கொள்ளும்.

முதல் வாரம் தடத்தில் ஓட்டிய பிறகு எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். லைட் அரை மணி நேரம் எரிந்த பின் ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அதற்குள் இருக்கும் கிளிப் தளர்ந்திருக்கிறது, ஹோல்டரையே மாற்றுங்கள். மிச்சமுள்ள இரண்டு ஃபியூஸையும் அந்த ஹோல்டரோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டி வையுங்கள்.